சிங்கப்பூர் பயணம்: கைச்செலவுக்கு ரொக்கமா, அட்டையா?

கேள்வி (பொள்ளாச்சி):
கோவையிலிருந்து நேரடி விமானத்தில் குடும்பத்துடன் ஐந்து நாள் சிங்கப்பூர் செல்கிறோம். கைச்செலவுக்கு ரொக்கம் கொண்டுசெல்வதா, அட்டையை நம்புவதா என்று அனுபவமுள்ளவர்கள் கூறுங்கள்.

மறுமொழி (திருப்பூர்):
இரண்டும் வேண்டும். உணவங்காடிகளில் சில கடைகள் இன்றும் ரொக்கமே கேட்பதால் கொஞ்சம் சிங்கப்பூர் டாலரை இங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள். 2020ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கி விதிக்குப் பின் வழங்கப்பட்ட அட்டையாக இருந்தால், வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் நீங்களே இயக்கி வைத்தாலொழிய அது அங்கே செல்லாது. அட்டைக் கருவி ரூபாயா, டாலரா என்று கேட்டால் டாலரையே தேர்ந்தெடுங்கள். பழகிய கணக்காயிற்றே என்று நான் ரூபாயை அழுத்தி, அவர்கள் வைத்த மாற்று விலைக்குக் கூடுதலாக அழுதேன்.

மறுமொழி (ஈரோடு):
வரித்திருப்பத் திட்டத்தில் சேர்ந்த கடையில் நூறு டாலருக்குக் குறையாமல் வாங்கினால், 9 விழுக்காட்டு வரியில் பெரும்பகுதியை விமான நிலையத்தில் திரும்பப் பெறலாம். வாங்கும்போதே கடவுச்சீட்டைக் காட்டுங்கள். நாணயங்களை மட்டும் அங்கேயே செலவழித்துவிடுங்கள், இங்கே பொதுவாக மாற்ற மாட்டார்கள்.