புதுப்பிப்பு: மாநகர சபையின் சட்டப் பிரிவில் சேர்ந்துவிட்டேன்

கொழும்பின் நீதிமன்ற வளாகம் உள்ள புதுக்கடையில் சிவில் வழக்குப் பார்த்துவந்த நான், கொழும்புப் பக்கம் ஒரு மாநகர சபையின் சட்டப் பிரிவுக்குப் போகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். சேர்ந்துவிட்டேன். நீதிமன்றம் மறந்துபோகும் என்றார்கள் சிலர். அப்படியில்லை. சபையின் தீர்மானத்தை எதிர்த்து யாராவது எழுத்தாணை (ரிட்) கேட்டால் மேன்முறையீட்டு நீதிமன்றம், அனுமதியில்லாக் கட்டடம் என்றால் நீதவான் நீதிமன்றம்.

ஆனால் மனம் ஒட்டியது வழக்குக்கு முந்தைய வேலையில்தான். சபைமீது வழக்குப் போட ஒரு மாதம் முன்னதாக எழுத்தில் அறிவித்தல் தர வேண்டும். அந்த மாதம் பொன்னானது. அண்மையில் ஒரு வடிகான் தகராறு. வீட்டுக்காரர் தமிழில் எழுதிய கடிதம், பெற்ற திகதி முத்திரையோடு, அலுவலகக் கோவையின் (கோப்பின்) அடியில் கிடந்தது. மேலே சிங்களத்தில் வரிசையாகக் குறிப்புகள். ஒன்றுகூட அந்தக் கடிதத்தைத் தொடவில்லை. மனம் கொதித்தது. மொழிபெயர்த்து மாநகர ஆணையாளரிடம் கொடுத்தேன். அப்புறம் தொழில்நுட்ப உத்தியோகத்தரோடு இடத்துக்கே போய்ப் பார்த்தோம். கானைத் திருத்தச் சபை ஒப்புக்கொண்டது, வழக்கு வரவில்லை.

சம்பளம்? தனியாகத் தொழில் செய்ததைவிடக் குறைவு, ஆனால் மாதாமாதம் வருகிறது. வர நினைக்கும் தம்பி தங்கைகள் 1947-ஆம் ஆண்டின் 29-ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தை முதலில் படியுங்கள். சிங்களத்தில் கோவைக் குறிப்பு எழுதவும் பழகுங்கள்.