தாடை வலிக்கு ராத்திரி போடும் பிளேட்: முதல் பத்து நாள் சுகம், இப்போது வலி கூடிவிட்டது. என்ன செய்வது?

ஓவர்லாக் (திருப்பூர்):
வணக்கமுங்க. வயது 36, பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் இருக்கிறேன். நாலு மாதமாக வாயைத் திறந்தால் வலது காதுக்கு முன்னால் ‘டொக்’ என்று ஒரு சத்தம். காலையில் எழுந்தால் கன்னம் கல்லு மாதிரி இறுகிக் கிடக்கும். காதுவலி என்று நினைத்துக் காது மூக்கு டாக்டரிடம் போனேன். காதில் ஒன்றுமில்லை, பல் டாக்டரைப் பாருங்கள் என்றார். பல் டாக்டர் பார்த்துவிட்டு, தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்கள், கடவாய்ப்பல் தேய்ந்திருக்கிறது என்று சொல்லி, ரப்பர் போல வளைகிற பிளேட் ஒன்றை மேல்பல்லுக்கு அளவெடுத்துச் செய்து கொடுத்தார்.

முதல் பத்து நாள் நன்றாக இருந்தது. அப்புறம் பிளேட் இறுக்கிப் பிடிக்கிறது. போட்டுக்கொண்டு வாயை மூடினால் கடைசிப் பல் மட்டும்தான் முட்டுகிறது, முன்னால் இடைவெளி. காலையில் நெற்றிப்பொட்டு வரைக்கும் வலி. மறுபடி வரச் சொன்ன தேதிக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. முன்னமே போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுக்கொள்ளலாமா, கழற்றி வைத்துவிடலாமா? மாமியார் வேறு, சுளுக்கு எடுக்கிறவரிடம் போனால் ஒரே தட்டில் தாடை சரியாகிவிடும் என்கிறார்.

நெல்வயல் (கோபி):
எனக்கும் முதலில் இந்த ரப்பர் பிளேட்தாங்க கொடுத்தார்கள். தூக்கத்தில் அதை மாடு அசை போடுகிற மாதிரி மென்றுகொண்டே இருந்திருக்கிறேன். அப்புறம் கெட்டி பிளேட்டாக மாற்றித் தந்தார்கள், அதில் சரியானது. சுளுக்குக்காரரிடம் மட்டும் போய்விடாதீர்கள் அக்கா. எங்கள் ஊரில் ஒருத்தருக்கு அப்படித் தட்டி எடுத்தபின் இரண்டு நாள் வாயே திறக்க முடியவில்லை.

பல் மருத்துவர் (ஈரோடு):
வாயைப் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது, ஆனால் சில கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் வழி தெரியும்.

உங்கள் சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, மேல் கீழ் முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். நுழைகிறதா? பிளேட்டைக் கழற்றியபின் பற்கள் எவ்வளவு நேரத்தில் பழையபடி சேருகின்றன? அரைமணி நேரத்துக்குள் சேர்ந்துவிட்டால் பயமில்லை. நாள் முழுக்கச் சேராமல் இருந்தால் உடனே போக வேண்டும். பாக்கு, குட்கா போடும் பழக்கம் உண்டா, காரம் பட்டால் வாய் எரிகிறதா? பாக்கு போடுகிறவர்களுக்கு வாய்க்குள் தோல் நார்போல் இறுகி வாய் திறப்பது குறையும். அதற்கு இந்த பிளேட் உதவாது. கடைசியாக, பிளேட்டை எப்படிக் கழுவுகிறீர்கள்?

ஓவர்லாக் (திருப்பூர்):
பாக்கு பழக்கமே இல்லைங்க. விரல் இரண்டு நுழைகிறது, மூன்றாவது வலிக்கிறது. கழற்றினால் கால்மணி நேரத்தில் பல் சேர்ந்துவிடுகிறது. வாயில் போடுகிற சாமான், கிருமி இருக்கும் என்று காலையில் டீக்கு வைக்கிற கொதி தண்ணியில் போட்டு எடுப்பேன், பிள்ளையின் பால்புட்டியைக் கழுவுகிற மாதிரி. டப்பாவோடு கொடுத்த சீட்டில் இதைப்பற்றி ஒன்றும் இல்லை. இரண்டாம் வாரத்திலிருந்துதான் அப்படிச் செய்கிறேன்.

பல் மருத்துவர் (ஈரோடு):
கோளாறு அங்கேதான் என்று நினைக்கிறேன் அம்மிணி. இந்தப் பொருள் சூட்டில் இளகி வளையும், அப்படி இளக்கித்தான் அதை உங்கள் பல் அச்சின் மேல் படிய வைத்தார்கள். கொதிநீரில் போட்டால் மறுபடி இளகி, ஆறும்போது வேறு வடிவத்தில் நின்றுவிடும். உங்கள் மேல் தப்பில்லை, கொடுக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். குழாய்த் தண்ணீர், கொஞ்சம் சோப்பு, மெல்லிய பிரஷ் போதும். வெயில்படும் ஜன்னலிலும் வைக்க வேண்டாம்.

கடைசிப் பல் மட்டும் முட்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பாக்குவெட்டியின் கீல் பக்கம் ஒரு துண்டு பாக்கை வைத்துப் பாருங்கள், நுனி எவ்வளவு அகலமாகத் திறந்து நிற்கிறது! தாடையின் கீல் காதுக்கு முன்னால் இருக்கிறது. ஒரே கனத்தில் ஒரு தகட்டைப் பல் முழுக்க மூடினால் முதலில் பின்பல்தான் முட்டும். அதனால்தான் நீலக் காகிதத்தைக் கடிக்கவைத்து, அடையாளம் விழுந்த மேட்டைத் தேய்த்து, எல்லாப் பல்லும் ஒரே நேரத்தில் படும்படி செய்கிறோம். கெட்டி அக்ரிலிக்கில் இதைத் துல்லியமாகச் செய்யலாம், ரப்பரில் அவ்வளவு வராது. இரண்டு மூன்று தடவை வரச் சொன்னால் அலுத்துக்கொள்ளாதீர்கள். சீர் பார்க்காத பிளேட் பாதி வேலைதான்.

வடிவம் மாறிய பிளேட்டை இனிப் போட வேண்டாம். இரண்டு வாரம் காத்திருக்காமல் போனில் கேட்டுவிட்டுப் போங்கள். பல்லை ராவிக் கடியைச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். ராவிய பல் திரும்ப வராது.

கணக்கு வாத்தியார் (நாமக்கல்):
ஒரு சந்தேகம் சார். நாள்பட்ட தாடை மூட்டு வலிக்கு 2023-இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த வழிகாட்டுதல் பிளேட்டைப் பெரிதாகப் பரிந்துரைக்கவில்லையே. பயிற்சி, தசையைக் கையால் நீவிவிடுவது, மனநலச் சிகிச்சை இவற்றைத்தானே முன்னால் வைக்கிறது?

பல் மருத்துவர் (ஈரோடு):
உண்மைதான். பிளேட்டால் வலி குறையும் என்பதற்கான ஆதாரம் பலமாக இல்லை. தேய்கிற பல்லைக் காப்பாற்றும், சிலருக்குத் தசை தளரும், கழற்றினால் பழையபடி ஆகும். இந்த மூன்றுக்காகத்தான் கொடுக்கிறோம். அதை மட்டும் நம்பியிருந்தால் ஏமாற்றம்தான். பகலில் என்ன செய்கிறோம் என்பதுதான் பெரிய விஷயம்.

பிசியோ (கோவை):
அதைத்தான் நானும் கேட்க வந்தேன். அக்கா, தைக்கும்போது உங்கள் பல் எங்கே இருக்கிறது? சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டவே கூடாது. உதடு மூடியிருக்கலாம், பல் பிரிந்திருக்க வேண்டும். ‘ன்’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு நுனி மேலண்ணத்தில் முன்பல்லுக்குப் பின்னால் போய் நிற்கும். அங்கேயே நாக்கை விட்டுவிட்டுத் தாடையைத் தளர விடுங்கள். இன்னொன்று: நூலை எதால் அறுக்கிறீர்கள்?

ஓவர்லாக் (திருப்பூர்):
இதைப் படித்துவிட்டு இன்றைக்கு முழுக்கக் கவனித்தேன். மிஷின் ஓடும்போதெல்லாம் பல்லை இறுக்கிக் கடித்துக்கொண்டுதான் இருக்கிறேன், பீஸ் ரேட் வேலை, வேகம் பார்க்க வேண்டுமே. பிசிறு நூலைப் பல்லால்தான் அறுக்கிறேன். எப்போதும் வலது பக்கம். மத்தியானத்துக்குள் நாற்பது தடவை எண்ணிவிட்டு எண்ணுவதை நிறுத்திவிட்டேன். வலிக்கிற பக்கமும் அதுதான்!

பிசியோ (கோவை):
டிரிம்மர் கத்தரியை நாடாவில் கட்டி மிஷினிலேயே தொங்கவிடுங்கள். கைக்கு எட்டினால்தான் பல்லுக்குப் போகாது. நூல் கோன் மாற்றும்போதெல்லாம் ‘ன்’ சொல்லிப் பாருங்கள். சாயந்திரம் வெதுவெதுப்பான ஈரத்துணியைக் கன்னத்தில் பத்து நிமிடம் வைத்து, நாக்கை மேலண்ணத்தில் வைத்தபடியே வலிக்காத அளவுக்கு வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள், ஆறு தடவை. கொட்டாவி வந்தால் தாடைக்குக் கீழே மடக்கிய கைமுட்டியைக் கொடுங்கள். சில வாரம் முறுக்கு, கரும்பு, வறுத்த கடலை வேண்டாம். அரிசிம்பருப்பு சாதம், சந்தகை, களி எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம்.

கணக்கு வாத்தியார் (நாமக்கல்):
படிப்பவர்களுக்காக ஒன்று. நடந்தால், படியேறினால் தாடை வலித்து, உட்கார்ந்தால் குறைகிறது என்றால் பல் டாக்டரைத் தேட வேண்டாம், உடனே இதயத்தைப் பாருங்கள். என் அண்ணனுக்கு அப்படித்தான் தெரிந்தது.

ஓவர்லாக் (திருப்பூர்), ஏழு வாரம் கழித்து:
சொன்னவர்கள் எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. லீவு போட்டுப் போனேன். பழைய பிளேட்டை அச்சில் வைத்துக் காட்டினார், பின்பக்கம் உட்காரவே இல்லை. கெட்டி பிளேட் செய்து, நீலக் காகிதம் வைத்து மூன்று தடவை தேய்த்துக் கொடுத்தார். முதல் தடவை கடைசிப் பல்லில் மட்டும் இரண்டு நீலப் புள்ளி, மூன்றாவது தடவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வரிசையாகப் புள்ளி. பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

காலை வலி முக்கால்வாசி போய்விட்டது. மூன்று விரலும் நுழைகிறது, கொஞ்சம் இறுக்கமாக. ‘டொக்’ சத்தம் இன்னும் இருக்கிறது. வலியில்லாத சத்தத்துக்கு வைத்தியம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒன்றரை ஷிப்ட் பார்த்த அன்றைக்கு மட்டும் ராத்திரி கன்னம் கனக்கிறது, ஈரத்துணி வைத்தால் தணிகிறது. கத்தரியை நாடாவில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். பக்கத்து மிஷின் பிள்ளையும் நூலைப் பல்லால்தான் அறுக்கிறாள், இப்போதே காது வலிக்கிறது என்கிறாள். நாளைக்கு அவளுக்கும் ஒரு நாடா கொண்டுபோகிறேன்.