மின்ற் 22 ஏத்தியாச்சு, இனி முதல் வேலை என்ன: வடிவோ, தமிழோ?

கொக்குவில்_பொடியன்
எல்லாருக்கும் வணக்கம். என்னட்ட இருக்கிறது திங்க்பாட் ரி460, செக்கன்ட் ஹான்ட், 8 ஜிபி ராம், 6ஆம் தலைமுறை ஐ5. வின்டோஸ் 10க்கு 2025 ஒக்ரோபர் 14ஓட சப்போட் முடிஞ்சுது, 11 போடுவமெண்டா இந்த ப்ரொசெசர் லிஸ்றிலயே இல்லை, இன்டெல் எண்டா 8ஆம் தலைமுறையில இருந்துதான் எடுக்குமாம். லப்டொப் நல்லாத்தான் ஓடுது, தூக்கிப் போட மனமில்லை, அதால நேற்று இரவு இருந்து, வின்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ற் 22 எண்ட இலவச சிஸ்ரத்தை, சினமன் எண்ட டெஸ்க்ரொப்போட ஏத்திப்போட்டன். வைஃபை, சவுண்ட் எல்லாம் ஒண்டும் செய்யாமலே வேலை செய்யுது.

இப்ப மச்சான் சொல்லுறான், முதல்ல தீம் எண்ட தோற்றத்தை மாத்து, ஐக்கன் மாத்து, கீழ ஐக்கன் வரிசையா நிக்கிற ஒரு டொக், பக்கத்தில சிஸ்ரத்தின்ர நிலவரம் காட்டுற கொங்கி, அப்பிடியே மக் மாதிரி ஆக்கிப்போட்டு பிறகு மற்றதைப் பார் எண்டு. ஆனா இதை என்னைவிட அப்பாதான் கூடப் பாவிக்கப் போறார். அவர் கோயில் நோட்டீஸ், செத்த ஆளின்ர 31ஆம் நாளுக்கு அடிக்கிற கல்வெட்டு எண்ட நினைவுப் புத்தகம் எல்லாம் ஊர் ஆக்களுக்கு ரைப் அடிச்சுக் குடுக்கிறவர், 20 வருசப் பைல் எல்லாம் பாமினி எண்ட பழைய தமிழ் ஃபொன்ற்றில கிடக்கு. முதல் என்ன செய்யிறது, எதைத் தொடவே கூடாது, தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

வல்லை_வெளி
மச்சான் சொன்னது சரி தம்பி. ஆக்கள் வடிவைத்தான் கேவலமா கதைப்பினம், ஆனா நான் லினக்ஸுக்குள்ள வந்ததே ஒரு கூட்டாளியின்ர டெஸ்க்ரொப்பைப் பாத்துத்தான். அவன் பப்பிரஸ் ஐக்கன் போட்டு, பனலை மெல்லிசாக்கி, ஒரு பனங்கூடல் படத்தை வோல்பேப்பரா விட்டிருந்தான், எனக்கும் அப்பிடி வேணுமெண்டு அண்டைக்கே இன்ஸ்ரோல் பண்ணினனான். கொங்கி பைலை திறந்து ஒவ்வொரு வரியா மாத்தி மாத்திப் பாத்துத்தான் எனக்கு கொமாண்ட் அடிக்கிற ரெர்மினல் எண்ட பயமே போனது. ஒருத்தர் தன்ர மெசினை தன்ர எண்டு நினைக்க வேணும், அது முதல் நாளிலயே நடக்க வேணும், இல்லாட்டி ரெண்டாவது கிழமை திரும்ப வின்டோஸ் சீடியைத் தேடுவினம். நான் ஏத்திக் குடுத்த ஆக்களில திரும்பிப் போன ஆக்கள் எல்லாரும் இருந்தபடியே விட்டு வைச்ச ஆக்கள்தான்.

கோப்பாய்_அக்கா
வல்லை சொல்லுறதோட எனக்குச் சரிவராது. தம்பி தன்ர கேள்வியில அப்பாவைப் பற்றித்தான் கனக்க எழுதியிருக்கிறார், அதை ஒருக்கா வடிவா வாசியுங்கோ. 20 வருச வேலை பாமினியில கிடக்கிற ஒரு மனுசனுக்கு கீழ டொக் துள்ளினா என்ன, துள்ளாட்டி என்ன. அவர் பைலைத் திறக்கேக்க எழுத்து வர வேணும், ரைப் அடிக்கேக்க அவர் பழகின கீபோட் கட்டையில அவர் பழகின எழுத்து வர வேணும். அது வராட்டி வடிவு இருந்தும் பிரயோசனமில்லை.

என்ர வரிசை இதுதான் தம்பி. முதல் வேலை அப்டேற் மனேஜர், அதுக்கு முதல் சொஃப்ட்வெயர் சோர்ஸஸுக்குள்ள போய் அப்டேற் இறக்கிற சேர்வரை, அதான் மிரர், மாத்துங்கோ, அதுவே ஒவ்வொண்டின்ர வேகத்தையும் அளந்து காட்டும், கிட்டடியில வேகமா நிக்கிறதை எடுத்தா டேற்றாவும் மினக்கெடும் நேரமும் மிச்சம். அடுத்தது டைம்ஷிஃப்ற், சிஸ்ரத்தை பக்கப் எடுக்கிற ப்ரோகிராம். ஒண்டையும் மாத்த முதல், சிஸ்ரம் புதுசா இருக்கேக்கயே ஒரு ஸ்னப்ஷொட் எடுத்து வையுங்கோ, பிறகு நீங்கள் என்ன விளையாட்டு விளையாடினாலும் இந்த நாளுக்குத் திரும்பி வரலாம். ஆனா ஒண்டைக் கவனிக்க வேணும், டைம்ஷிஃப்ற் சிஸ்ரத்தைத்தான் காப்பாத்தும், அப்பாவின்ர ஹோம் ஃபோல்டரை அது சாதாரணமா தொடாது. கல்வெட்டுப் பைல் எல்லாத்தையும் வேற ஒரு ஹார்ட் டிஸ்க்கில தனியா கொப்பி பண்ண வேணும். டைம்ஷிஃப்ற்றை வின்டோஸ் ஃபோமற்றில இருக்கிற பென் ட்ரைவில வைக்கவும் ஏலாது, லினக்ஸ் ஃபோமற் வேணும்.

வடிவு கதைக்கிற ஆக்களுக்கு ஒண்டு சொல்லுறன். 2024 மார்ச்சில கேடிஈ பிளாஸ்மா எண்ட இன்னொரு லினக்ஸ் டெஸ்க்ரொப்புக்கு அவையின்ர ஸ்ரோரிலயே இருந்த குளோபல் தீம் ஒண்டை ஒருத்தர் இன்ஸ்ரோல் பண்ண, அதோட வந்த ஸ்கிரிப்ற் அந்தாளின்ர பைல் எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுது. கெட்ட எண்ணத்தில எழுதினதில்லை, பிழையா எழுதினது. தீமுக்குள்ளயும் கோட் ஓடும், கவனம் எண்டு கேடிஈ காரரே பிறகு எச்சரிக்கை விட்டவை. பக்கப் இல்லாமல் தீம் போடச் சொல்லுறது எனக்குப் பொறுப்பில்லாத கதையாத்தான் தெரியுது.

வல்லை_வெளி
அக்கா, கேடிஈ கதை உண்மைதான், ஆனா தம்பி போட்டிருக்கிறது சினமன். சினமன் தீம், ப்ரோகிராம் ஜன்னலுக்குப் போடுற ஜிரிகே தீம் ரெண்டும் நிறம், அளவு எழுதின சிஎஸ்எஸ் பைலும் படங்களும்தான், ஐக்கன் பக் எண்டா வெறும் எஸ்விஜி படம், அதுக்குள்ள ஸ்கிரிப்ற் ஓடாது. இதைச் சொல்லாமல் பயப்படுத்தினா புது ஆக்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்துடுவினம்.

கோப்பாய்_அக்கா
தீமுக்கும் ஐக்கனுக்கும் நீங்கள் சொல்லுறது சரி, அதை நான் ஏற்றுக்கொள்ளுறன். ஆனா பனலில வைக்கிற அப்லெற், டெஸ்க்ரொப்பில வைக்கிற டெஸ்க்லெற், எக்ஸ்டென்ஷன் மூண்டும் ஜாவாஸ்கிரிப்ற் கோட், அது சினமனுக்குள்ளயே ஓடும், ஒண்டு பிழைச்சா டெஸ்க்ரொப் முழுக்க இழுபடும். க்நோம் எண்ட டெஸ்க்ரொப்பில இதாலதான் நான் நொந்தனான், 2023இல க்நோம் 45 வந்தப்ப எக்ஸ்டென்ஷன் எழுதுற முறையையே மாத்திப்போட்டாங்கள், நான் 9 எக்ஸ்டென்ஷன் போட்டு ஆசையா அடுக்கி வைச்சிருந்த டெஸ்க்ரொப் அப்டேற்றோட வெறும் கறுப்புப் பட்டையா நிண்டது. அண்டைக்குப் பின்னேரம் ஒரு வேலை குடுக்க வேண்டி இருந்தது. சிஸ்ரத்தோட வந்ததை எவ்வளவு கூட அப்பிடியே விடுறமோ அவ்வளவு காலம் அது கரைச்சல் குடுக்காது, மின்ற் 22க்கு 2029 வரைக்கும் அப்டேற் வரும், அந்தப் பலனை ஏன் கெடுப்பான்.

சுன்னாகத்தான்
ரெண்டு பேரும் பற்றரியை மறந்துபோனியள். ரி460இல ரெண்டு பற்றரி, உள்ள ஒண்டு, பின்னால கழட்டுறது ஒண்டு. பற்றரியைக் கவனிக்கிற டிஎல்பி எண்ட ப்ரோகிராமைப் போடுங்கோ, அதின்ர கொன்ஃபிக் பைலில ரெண்டுக்கும் தனித்தனியா 75இல சார்ஜ் துடங்கு, 80இல நிப்பாட்டு எண்டு எழுதலாம். எங்கட வெக்கைக்கு பற்றரியை நாள் முழுக்க 100இல வைச்சா அது கெதியா ஊதும் இல்லாட்டி செத்துப்போகும். டிஎல்பி போட்டா, அதே மாதிரி வேலை செய்யிற பவர் ப்ரொஃபைல்ஸ் டீமனை எடுத்துவிட வேணும், ரெண்டும் ஒண்டாய் ஒத்துவராது. ராமை விட்டு டிஸ்க்கைப் பாவிக்கிற அளவைச் சொல்லுற ஸ்வாப்பினஸையும் 60இல இருந்து 10க்கு இறக்கிவிடுங்கோ.

பருத்தித்துறை_கரை
80 எல்லாம் கரண்ட் நிக்காத ஊருக்குச் சரி. 2022 மார்ச் 31 ஞாபகம் இருக்கோ, 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினவை. அண்டைக்கு என்ர லப்டொப் 80இல நிண்டது, இன்னும் 20 வீதம் இருந்திருந்தா தங்கச்சியின்ர அசைன்மென்ற் அண்டைக்கே போயிருக்கும், அடுத்த நாள் போனது, மாக்ஸ் குறைஞ்சுது. இப்ப அப்பிடி இல்லைத்தான், ஆனா மழைக்காலத்தில இஞ்ச லைன் அறுந்தா எத்தினை மணிக்கு வருமெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. பற்றரி ரெண்டு வருசம் முந்திச் செத்தாலும் பரவாயில்லை, தேவைப்படுற நேரத்தில நிறைய இருக்க வேணும். அதுக்குத்தானே காசு குடுத்து வாங்கினது.

சுன்னாகத்தான்
அண்ணை உங்கட கோவம் விளங்குது, ஆனா இதில ஒண்டை விட்டு ஒண்டு எடுக்கத் தேவையில்லை. டிஎல்பி ஃபுல்சார்ஜ் எண்டு ஒரு கொமாண்ட் இருக்கு, வயரைக் குத்திப்போட்டு ரெர்மினலில சூடோவோட (அட்மின் அனுமதியோட) அதை அடிச்சா அந்த ஒருக்கா மட்டும் 100 வரைக்கும் ஏறும், பிறகு ரீஸ்ராற் பண்ணினா திரும்ப 80க்கு வந்திடும். வானம் இருட்டினா அடிச்சு விடுறது, அவ்வளவுதான். நான் மாரி முழுக்க அப்பிடித்தான் செய்தனான்.

பருத்தித்துறை_கரை
அந்தக் கொமாண்ட் எனக்குத் தெரியாது, நன்றி. ஆனா தம்பியின்ர அப்பா வானத்தைப் பாத்து ரெர்மினல் திறப்பாரோ? அவருக்கு நான் 100இலயேதான் விடுவன்.

கோப்பாய்_அக்கா
அப்பாக்கு கரை அண்ணை சொல்லுறதுதான் சரி. ஸ்வாப்பினஸைப் பற்றியும் ஒண்டு: 8 ஜிபி ராமில பிரவுசரும் லிபர் ஒபிசும் திறக்கிற ஆளுக்கு அந்த 60, 10 வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. உள்ளுக்க இன்னும் பழைய சுத்துற ஹார்ட் டிஸ்க் எண்டா அதைக் கழட்டி ஒரு சாட்டா எஸ்எஸ்டி போடுங்கோ, அதின்ர வேகத்துக்கு முன்னால இந்த செற்றிங் எல்லாம் ஒண்டுமில்லை. எஸ்எஸ்டி போட்டாப் பிறகு அழிச்ச இடத்தைத் துப்புரவாக்க ட்ரிம் போடு, டிஸ்கார்ட் எழுது எண்டும் ஆக்கள் வருவினம், அது கிழமைக்கொருக்கா தானா ஓடுற மாதிரித்தான் மின்ற்றில வருது, தொட வேண்டாம்.

கொக்குவில்_பொடியன்
ஓம் அக்கா, வித்த கடைக்காரர் எஸ்எஸ்டி எண்டுதான் சொன்னவர், திறந்து பாத்தா பழைய ஹார்ட் டிஸ்க். அதை மாத்துறன். டைம்ஷிஃப்ற் எடுத்தாச்சு, பைலும் கொப்பி பண்ணியாச்சு. இப்ப பாமினி. அப்பாவின்ர பைல் ஒண்டை திறந்தன், அம்மா எண்டு இருக்க வேண்டிய இடத்தில எம், கே, பிறகு ஒரு அரைப்புள்ளி, கே, எச் எண்டு நிக்குது. அப்பா பாத்திட்டு ஒண்டும் கதைக்கேல்ல, எழும்பிப் போட்டார்.

கோப்பாய்_அக்கா
அவரைக் கூப்பிட்டு இருத்துங்கோ, ஒண்டும் துலையேல்ல. பாமினி எண்டது ஆங்கில எழுத்தின்ர இடத்தில தமிழ் எழுத்தின்ர உருவத்தை வரைஞ்சு வைச்ச ஒரு ஃபொன்ற். பைலுக்குள்ள உண்மையில கிடக்கிறது அந்த எம்மும் கேயும்தான், குத்து (மெய்யெழுத்தின்ர மேல் புள்ளி) வர வேண்டிய இடத்தில அரைப்புள்ளி. ஃபொன்ற் இருந்தா அம்மா, இல்லாட்டி நீங்கள் பாத்த மாதிரி. பழைய கொம்பியூட்டரில இருந்து பாமினி ஃபொன்ற் பைலை எடுங்கோ, ஹோம் ஃபோல்டரில கன்ட்ரோலும் எச்சும் அமத்தினா மறைஞ்ச ஃபோல்டர் தெரியும், டொட் லோக்கல், அதுக்குள்ள ஷெயார், அதுக்குள்ள ஃபொன்ட்ஸ் எண்டு ஒண்டு இல்லாட்டி உண்டாக்கிப் போடுங்கோ. லிபர் ஒபிசை மூடித் திறந்தா எழுத்து வந்து நிக்கும்.

ரைப் அடிக்கிறதுக்கு ஐபஸ் எண்ட மொழி மாத்துற ப்ரோகிராமும் அதின்ர எம்17என் பக்கேஜும் போட்டு, இன்புற் மெதட்டில ஐபஸைத் தெரிஞ்சு, லொக் அவுட் பண்ணி வாங்கோ. தமிழுக்குக் கீழ தமிழ்99, ஃபொனெற்றிக், ரெங்கநாதன் எண்டு வரும். அப்பா தட்டெழுத்துப் பழகின ஆள் எண்டா ரெங்கநாதனை எடுங்கோ, அதுதான் எங்கட நாட்டுத் தட்டெழுத்து அமைப்பு, பாமினிக் கட்டைகளுக்கு நல்லாக் கிட்ட. கீபோட் லேயவுட் லிஸ்றில இலங்கைத் தமிழ் எண்டு ஒண்டு தனியா இருக்கு, அது தமிழ்நெற் 99, அதை எடுத்தா அவருக்குக் கை தடுமாறும்.

இனிமேல் எழுதுறதை, எந்த மெசினிலயும் தமிழ் தமிழாவே நிக்கிற யூனிகோட்டிலயே எழுதச் சொல்லுங்கோ, பழசையும் மெல்ல மெல்ல மாத்துங்கோ. பாமினியில எழுதின ஒரு பேரை கூகிளிலயும் தேட ஏலாது, சொந்த ஹார்ட் டிஸ்க்கிலயும் தேட ஏலாது. கல்வெட்டு எண்டது ஒரு குடும்பத்தின்ர வம்சாவழி, பேரப்பிள்ளையள் பிறகு தேடி வருவினம்.

வல்லை_வெளி
இதில நான் அக்காவோட நிக்கேல்ல. எங்கட பக்கத்து அச்சகத்தில இண்டைக்கும் பேஜ்மேக்கர் எண்ட பழைய பக்கம் அடுக்கிற ப்ரோகிராம்தான், பாமினியில குடுத்தாத்தான் எடுப்பினம். யூனிகோட்டில குடுத்தா அவை கன்வேர்ட் பண்ணி கொம்பைப் பிழையான இடத்தில விட்டு, செத்த ஆளின்ர பேரே பிழையா அச்சடிச்சு வந்தது, அந்த வீட்டில பிள்ளையள் அழுதவை. அப்பாவின்ர வேலை அச்சகத்தோட எண்டா பாமினியை விடச் சொல்லாதேங்கோ.

கோப்பாய்_அக்கா
மாத்தினாப் பிறகு ஒரு மனுசன் இருந்து பேர் பேரா வாசிக்க வேணும், அதில எனக்கு மறுபேச்சில்லை. ஆனா மூலத்தை யூனிகோட்டில வைச்சு, அச்சகத்துக்கு ஒரு பிரதியை பாமினியாக்கி, அப்பாவே வாசிச்சுப் பாத்துக் குடுக்கலாம். பழசை அழிக்கச் சொல்லேல்லையே.

வல்லை_வெளி
ரெண்டு மடங்கு வேலை அக்கா. சாவீட்டுக்கு நாள் குறைய.

கொக்குவில்_பொடியன்
எழுத்து வந்திட்டுது! அப்பா இப்ப 2006இல அடிச்ச ஒரு கல்வெட்டைத் திறந்து வைச்சு வாசிச்சுக்கொண்டு இருக்கிறார், அப்பப்பாவின்ரயாம். ரெங்கநாதனும் கை பழகினதுதான் எண்டு சொன்னவர், ரெண்டு மூண்டு கட்டை மட்டும் மாறி இருக்காம். அச்சகத்துக்கு எது குடுக்கிறதெண்டு அவரே முடிவெடுக்கட்டும். வல்லை அண்ணை, பப்பிரஸ் ஐக்கனும் போட்டன், அப்பாவே கேட்டார் கொஞ்சம் பெரிசா, வடிவா இருந்தா நல்லம் எண்டு. ஒரே ஒரு கரைச்சல், ஃபயர்ஃபொக்ஸில தமிழ் மட்டும் சின்னனாத் தெரியுது, ஆங்கிலம் சரி.

வல்லை_வெளி
ஃபயர்ஃபொக்ஸ் செற்றிங்ஸ், ஃபொன்ட்ஸ், அதில அட்வான்ஸ்ட். மேல எந்த மொழிக்கு எண்டு கேக்கிற இடத்தில தமிழைத் தெரிஞ்சு, நோட்டோ சான்ஸ் தமிழ் குடுத்து, அளவை 18 ஆக்குங்கோ. ஆங்கிலம் இருந்தபடி இருக்கும். அப்பாக்கு 20 எண்டாலும் குடுத்துப் பாருங்கோ.