ஆடாதோடை சளியை இளக்கும், இருமலை அடக்காது

(ஆடாதோடை இலை மருந்து பற்றிப் புனைபெயரில் நாலு பேர் எழுதிக்கொண்டது)

கசப்புக்காரன்:
ஆடாதோடைக் கஷாயம் கேட்கவில்லை என்று சொல்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, எந்த இருமலுக்குக் கொடுத்தீர்கள் என்பதுதான். நெஞ்சில் கெட்டிச் சளி கட்டி, இருமி இருமியும் வராமல் இழுக்கிறதா? அதற்கு இது சரியான இலை. தொண்டை அரிப்போடு வரும் வறட்டு இருமலா? கசப்புதான் மிச்சம். குடித்த முதல் நாளில் இருமல் கூடியது போலத் தோன்றலாம். இளகிய சளி மேலே ஏறுவதால் அப்படி. பலரும் அங்கேதான் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் மூச்சு வாங்கினால் அது வேறு சங்கதி, காத்திருக்கக் கூடாது.

இலையில் உள்ள முக்கியமான ஆல்கலாய்டு (செடியில் உண்டாகும் ஒரு வகை வேதிப்பொருள்) வாசிசின். அதை முன்மாதிரியாக வைத்து உருவாக்கிய, சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் 1963இல் மருந்தாக வந்தது. புரோம்ஹெக்சின் உடம்புக்குள் மாறிக் கிடைப்பதுதான் அம்ப்ராக்சால். இருமல் சிரப் பாட்டிலின் லேபிளில் இந்த இரண்டில் ஒன்று இருந்தால், அதன் மேல் கஷாயத்தையும் அடுக்க வேண்டாம்.

இலைச்சாறு:
சாறு எடுப்பதில்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள். பச்சை இலையை அம்மியில் எவ்வளவு இடித்தாலும் ஈரச் சக்கைதான் வரும். உடனே தண்ணீர் ஊற்றி மிக்ஸியில் அடிப்பார்கள். அது சாறில்லை, இலை கரைத்த தண்ணீர். அளவும் கணக்கில் நிற்காது.

முற்றிய இலை ஒரு கைப்பிடி எடுத்து, கழுவி, நடுநரம்பைக் கிள்ளிவிட்டு, இட்லித் தட்டில் வைத்து 8 முதல் 10 நிமிடம் ஆவியில் வேகவிடுங்கள். பச்சை நிறம் மங்கி, விரலால் தொட்டால் கீரை போலத் துவளும். அதுதான் பதம். சூடு ஆறுவதற்குள் வெள்ளைத் துணியில் முடிந்து பிழிந்தால் கரும்பச்சையாகச் சொட்டும். முன்னோர் இலையைப் பொதிந்து தணலில் வாட்டிப் பிழிந்ததும் இதே காரணத்துக்குத்தான். பெரியவர்களுக்கு வேளைக்கு 10 மி.லி., நாளைக்கு இரண்டு வேளை, சம அளவு தேனோடு. சாறு ஆறிய பிறகு தேன் சேருங்கள். காலையில் பிழிந்ததை ராத்திரிக்கு வைக்காதீர்கள்.

‘ஆடாதோடைக்குப் பாடாத நாவும் பாடும்’ என்பது பழமொழி. பாடுவதற்கு முன் வாய் நன்றாகக் கோணும், அதைப் பழமொழி சொல்லவில்லை.

வேலிச்செடி:
செடியைச் சரிபார்க்காமல் பறிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே இருக்கும். மாவிலை போல நீளம், ஆனால் அதைவிட மென்மை. கணு சற்றுப் புடைத்திருக்கும். பூ வெள்ளை, இரண்டு உதடு விரித்த வாய் மாதிரி. கீழ் உதட்டில் ஊதாக் கோடுகள் ஓடும். இலையைக் கசக்கினால் ஒரு மக்கிய வாடை, நுனி நாக்கில் வைத்தால் கடுங்கசப்பு. ஆடு தொடாது என்பதால் வந்த பெயர் என்பார்கள். ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் வைத்த தாவரப் பெயரிலும் அந்த ‘அடதோடா’ இருக்கிறது. பூக்காத செடியில் சந்தேகம் வந்தால் பூக்கும் வரை பொறுங்கள்.

உலர்த்துவது நிழலில்தான். வெயிலில் போட்டால் வைக்கோல் நிறமாகிவிடும். காற்றும் வெளிச்சமும் பட்டால் வாசிசின் வாசிசினோனாக மாறிப்போகும். அதனால் நன்றாகக் காய்ந்து நொறுங்கும் இலையை இறுக்கமான டப்பாவில், இருட்டில் வையுங்கள். பொடியாக்கி வைப்பதைவிட இலையாக வைத்து வேண்டும்போது இடிப்பது மேல். காம்பு ஈரமாக இருக்கும்போதே டப்பாவில் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும், மொத்தத்தையும் கொட்ட வேண்டியதுதான்.

கசப்புக்காரன்:
காய்ந்த இலைக்குக் கணக்கு: இடித்த இலை 10 கிராம், தண்ணீர் 160 மி.லி., நாலில் ஒன்றாக வற்றி 40 மி.லி. ஆனதும் வடிகட்டுங்கள். இது ஒருவருக்கு ஒரு நாள் அளவு, இரண்டு வேளையாகப் பிரித்துக்கொள்ளலாம். சிறு தீ, மண்சட்டி அல்லது எவர்சில்வர். பெரும் தீயில் ஐந்து நிமிடத்தில் வற்றவைத்தால் இலையின் சத்து இறங்காது, தண்ணீர்தான் போகும். மிளகு நாலைத் தட்டிப் போடலாம், அதிமதுரம் ஒரு துண்டு போட்டால் கசப்பு கொஞ்சம் அடங்கும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதிமதுரத்தை விட்டுவிடுங்கள்.

‘இரண்டு மடங்கு குடித்தால் சீக்கிரம் குணமாகும்’ என்ற நினைப்பு வேண்டாம். அளவு மீறினால் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு.

எச்சரிக்கை மணி:
இதுவரை யாரும் சொல்லாததைச் சொல்லிவிடுகிறேன். கர்ப்பிணிகளுக்கு இது கூடவே கூடாது. வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும். ஒரு ஸ்பூன்தானே என்ற சமாதானமும் வேண்டாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடாது, அதனால் தேனில் குழைத்துக் கொடுக்கும் பேச்சே இல்லை. அதற்கு மேற்பட்ட சிறு பிள்ளைகளுக்கும் மருத்துவர் அளவு சொன்னால் மட்டும்.

சளியில் ரத்தம் வந்தால் ஆடாதோடை கேட்கும் என்று பழைய வழக்கம் உண்டு. வழக்கம் இருக்கட்டும், ரத்தம் கண்டால் முதலில் மருத்துவமனை. இருமல் இரண்டு வாரம் தாண்டினாலும் சளிப் பரிசோதனை செய்துவிடுங்கள். கஷாயத்தால் சளி இளகி ஆறுதலாக இருக்கும், காசநோய் உள்ளே அப்படியே இருக்கும். இந்த இலையால் வரும் பெரிய கெடுதல் இலையில் இல்லை, தள்ளிப்போடுவதில்தான்.

இலைச்சாறு:
மணப்பாகு (கஷாயத்தில் சர்க்கரை சேர்த்துக் காய்ச்சும் பாகு) புளித்துப்போகிறது என்று கேட்டவருக்கு: சர்க்கரையைக் குறைத்திருப்பீர்கள். வடிகட்டிய கஷாயம் ஒரு பங்கு என்றால் எடையில் இரண்டு பங்கு சர்க்கரை. கல்கண்டும் ஆகும். கரைந்து ஒரு கொதி வந்ததும் நுரையை எடுத்துவிட்டு, சூட்டோடு, ஈரமே இல்லாத கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றுங்கள். சர்க்கரைதான் அதைக் கெடாமல் காப்பது, இனிப்புக்காக மட்டும் இல்லை. அதனால் நீரிழிவு உள்ளவர்கள் மணப்பாகை விட்டுக் கஷாயத்தோடு நிற்க வேண்டும். ஈர ஸ்பூனை உள்ளே விடாதீர்கள். மூடியைத் திறக்கும்போது உஸ்ஸென்று காற்று வந்தால் அப்படியே கொட்டிவிடுங்கள்.