தார்கின் மக்களோடு பழகியவர்கள் கொஞ்சம் எழுதுங்களேன்

எங்கள் ஜெபக்குழுவில் இந்த மாதம் ரஷ்யாவின் தெற்கே உள்ள தாகெஸ்தான் குடியரசின் தார்கின் மக்களுக்காக ஜெபிக்கிறோம். ரஷ்யாவில் ஆறு லட்சத்துக்கு மேல் இருக்கிறார்கள், தாகெஸ்தானில் அவார் என்ற இனத்தாருக்கு அடுத்த பெரிய இனம், சுன்னி முஸ்லிம்கள், ஷாஃபி மத்ஹபு (சுன்னிகளின் சட்ட நெறிகளில் ஒன்று). இவ்வளவுதான் கையில் இருக்கிறது. நேரில் பழகிய யாராவது எழுதினால் உதவியாக இருக்கும். கோடை விடுமுறையில் வாலிபர்கள் சிலரை அனுப்பலாமா என்றும் ஒரு பேச்சு ஓடுகிறது.

தாகெஸ்தான் தலைநகர் மகாச்கலாவில் மருத்துவம் படித்தவள்:

கூடப் படித்த தார்கின் பெண் ஒருமுறை லெவாஷி என்ற ஊரில் இருக்கும் தன் பாட்டி வீட்டுக்குக் கூட்டிப் போனாள். அறுவடை நேரம், ரோட்டோரம் முழுக்க முட்டைக்கோஸ் மூட்டைகளும் லாரிகளும்தான். வீட்டுக்குள் நுழைந்ததும் யார், எதற்கு வந்தாய், எத்தனை நாள் என்று ஒரு கேள்வி கிடையாது. முதலில் சாப்பாடு. சுடு என்று ஒரு ரொட்டி. மாவை அப்பளம் போல மெல்லிசாகத் தேய்த்து, உள்ளே பாலாடைக்கட்டியும் கீரையும் வைத்து, அரைவட்டமாக மடித்து, வெறும் கல்லில் சுட்டு, சூட்டோடு வெண்ணெய் தடவி அடுக்கிக்கொண்டே போகிறார்கள். என் தட்டு காலியாவதைப் பாட்டி பார்த்துக்கொண்டு இருக்கவில்லை, போட்டுக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் தொழுதுவிட்டு வந்த பாட்டி என் கழுத்துச் சிலுவையைப் பார்த்தார். பேத்திதான் மொழிபெயர்த்தாள். "ஈஸா நபி (இயேசு) திரும்பி வருவார் என்று நாங்களும் நம்புகிறோம்" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். அவர் சிலுவையில் நமக்காக மரித்தார் என்று சொன்னேன். இல்லை என்று தலையசைத்துவிட்டு எழுந்து போய் இன்னும் கொஞ்சம் தேநீர் கொண்டுவந்தார். கோபமெல்லாம் இல்லை. "நீ ஒரு நாளைக்கு எத்தனை வேளை தொழுவாய்?" என்று கேட்டார், அதற்குத்தான் நான் திணறிப்போனேன்.

மறுநாள் ஊருக்கு வெளியே ஒரு ஷேக்கின் கல்லறைக்கு ஜியாரத் போனோம். பாட்டி துஆ (பிரார்த்தனை) செய்துவிட்டு மிட்டாய் கொடுத்தார். தோழியின் அண்ணன் மட்டும் வரவில்லை. கல்லறையில் போய்க் கேட்பது இணைவைத்தல், அதாவது கடவுளுக்குச் சமமாக இன்னொன்றை வைப்பது என்பது அவர் கட்சி.

குபாச்சி போய்வந்தவர்:

தங்கச்சி சொன்ன அந்தப் பாட்டி–அண்ணன் விஷயத்தைச் சின்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கரமாகி, சபன்மாகி என்ற தார்கின் கிராமங்களில் இதே கருத்து வேற்றுமை முற்றி, 1998-இல் ஒரு பிரிவினர் ஷரியத் பகுதி என்று அறிவித்துக்கொண்டார்கள். 1999-இல் ராணுவம் குண்டு போட்டு உள்ளே நுழைந்தது. இன்றும் மதம் பற்றி வெளியாள் வாயைத் திறந்தால் போலீசும் சந்தேகப்படும், ஊரும் சந்தேகப்படும்.

குபாச்சி தாகெஸ்தானில் வெள்ளி வேலைக்காரர்களின் மலைக்கிராமம். ஒரு வீட்டில் சுவர் முழுக்கப் பழைய பீங்கான் தட்டுகளும் செம்புப் பாத்திரங்களும். ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த வீட்டுக்காரர் வளையலில் கொடி செதுக்கிக்கொண்டிருந்தார். பென்சிலில் கோடு கூடப் போடவில்லை, நேராகக் கை ஓடுகிறது. செதுக்கிய பள்ளத்தில் கறுப்புக் கலவையை நிரப்பிச் சுட்டு மெருகேற்றுவார்களாம். இந்த ஊரில் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் யூதர்களும் இருந்ததாகப் பத்தாம் நூற்றாண்டில் அல் மஸ்ஊதி என்ற அரபு வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். அதை அவரிடம் சொன்னேன். "இருந்திருக்கலாம், இப்போது நாங்கள் முஸ்லிம்" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

ரஷ்யாவில் வேலை பார்ப்பவர்:

எந்த ஊர் என்று எழுத மாட்டேன். எங்கள் சபைக்கு வரும் ஒரு சகோதரர் தார்கின். அவர் கிறிஸ்தவரான விஷயம் ஊரில் அம்மாவுக்கு மட்டும் தெரியும். பரலோகம், நரகம் பற்றியெல்லாம் அம்மா கேட்கவில்லையாம். "செத்தால் உன்னை எங்கே புதைப்பார்கள்?" என்று கேட்டாராம். அங்கே மார்க்கம், குடும்பம், ஊர், கல்லறைத் தோட்டம் எல்லாம் ஒன்று. ஒன்றை விட்டால் எல்லாம் போகும். இந்த மக்களுக்குள் ஊழியம் செய்ய நினைப்பவர்கள் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இதுதான் என்பது என் எண்ணம். துண்டுப்பிரதி எத்தனை லட்சம் அச்சடித்தாலும் அந்தத் தாயின் கேள்விக்குப் பதில் ஆகாது. அவரை ஏற்றுக்கொள்ள ஒரு குடும்பம், கல்யாணத்துக்கும் சாவுக்கும் கூட நிற்கும் ஒரு சபை வேண்டும்.

மொழியும் ஒரு சிக்கல். தார்கின் எழுத்து வழக்கு அகுஷா என்ற ஊரின் பேச்சை ஒட்டியது. குபாச்சிக்காரர் பேசினால் அகுஷாக்காரருக்குப் புரியாது, இருவரும் ரஷ்ய மொழிக்குத் தாவிவிடுவார்கள். நகரத்துப் பிள்ளைகள் தார்கின் எழுத்தை வாசிப்பதும் குறைவு. அதனால் அச்சடித்த வேதத்தைவிட, வீட்டுப் பேச்சில் காதால் கேட்கும் வேதம் அதிகம் போய்ச் சேரும் என்று நினைக்கிறேன்.

வாலிபர்களை அனுப்பும் பேச்சுக்கு வருகிறேன். தயவுசெய்து வேண்டாம். 2016-இல் வந்த சட்டப்படி, அனுமதிப் பத்திரம் இல்லாமல் ஊழியம் செய்தால் வெளிநாட்டவருக்கு 30,000 முதல் 50,000 ரூபிள் வரை அபராதம், நாடு கடத்தவும் இடம் உண்டு. நம் பிள்ளைகள் விமானம் ஏறி வந்துவிடுவார்கள். வீட்டுக்கு அழைத்துச் சுடு போட்டுக் கொடுத்த குடும்பம்தான் விசாரணைக்குப் போகும். 2010-இல் மகாச்கலாவில் ஒரு போதகரைச் சபை வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். 2024 ஜூனில் தாகெஸ்தானின் தெர்பெந்த் நகரில் 66 வயது ஆர்த்தடாக்ஸ் பாதிரியார் கொல்லப்பட்டார். அங்கேயே இருந்து ஆராதிக்கிறவர்களின் நிலைமை இது.

ஜெபக்குறிப்பு கேட்டிருந்தீர்கள். அந்தச் சகோதரரின் அம்மாவுக்காக ஜெபியுங்கள். போன வாரம்கூட மகனுக்கு ஒரு டப்பா ஊர்பெச் அனுப்பியிருந்தார், ஆளிவிதையை அரைத்துச் செய்வது. பேச்சு நின்றுபோகவில்லை.