ஆங்கிலத்தின் 'ரன்' என்ற சொல்லைக் கெமர் மொழி பேசுவோருக்கு விளக்க உதவி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். கம்போடியாவின் தலைநகரான புனோம் பென்னில், அந்நாட்டு மொழியான கெமர் பேசும் பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். 'ரன்' என்னும் சொல்லின் பல பொருள்களை விளக்கும் பாடம் ஒன்றை எழுத உங்கள் உதவியை நாடுகிறேன்.

மனிதர் ஓடுவதற்குக் கெமரில் 'ருவத்' என்ற சொல் இருப்பதால் முதற்பொருள் எளிதில் புரிந்துவிடுகிறது. ஆனால் ஆறு ஓடுவதற்கு 'ஹோ' என்றும், கடிகாரமோ இயந்திரமோ இயங்குவதற்கு 'நடத்தல்' எனப் பொருள்படும் 'டாஅ' என்றும் அவர்கள் சொல்வதால், ஆங்கிலத்தில் இவையனைத்தும் ஒரே சொல்லில் அடங்குவது அவர்களைக் குழப்புகிறது. தமிழில் ஆறும் கடிகாரமும் ஓடுவதால் இந்தச் சிக்கல் எனக்கு முன்பு தோன்றவே இல்லை. தேர்தலில் வேட்பாளர் 'நிற்கிறார்' என்றே தமிழும் கெமரும் சொல்கின்றன. அமெரிக்க ஆங்கிலம் அங்கும் 'ரன்' என்கிறது. தமிழுக்கும் கெமருக்கும் உள்ள இந்த ஒற்றுமை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

என் கேள்விகள் இரண்டு. 'இடைவிடாமல் இயங்குதல்' என்ற அடிப்படைக் கருத்திலிருந்து தொடங்கி, கடை நடத்துவது வரை படிப்படியாகச் செல்வது நல்லதா, அல்லது ஒவ்வொரு பொருளுக்கும் உரிய கெமர் வினையை முதலில் தருவது நல்லதா? பெட்ரோல் தீர்ந்துபோவதைக் கெமர் 'ஆஹ்' என்ற ஒரே வினையால் சொல்லிவிடும்போது, 'ரன்' உடன் 'அவுட்' சேர்ந்து அப்பொருள் தருவதை எப்படி விளக்கலாம்? கெமர் அறிந்தவர்களும், பிறமொழியினருக்கு ஆங்கிலம் கற்பித்தவர்களும் தங்கள் அனுபவத்தைப் பகிருமாறு அன்புடன் வேண்டுகிறேன்.