அடுத்த கவுன்சிலர் தேர்தலுக்கு நம் தெருவின் கேள்விகள்

குழு: நான்காம் தெரு நண்பர்கள்
சனிக்கிழமை

கயல், இரவு 8:10
செயலாளர் சார், சங்கத்தின் வலைத்தளத்தில் ஒரு பக்கம் சேர்க்கலாமா? அடுத்த மாநகராட்சித் தேர்தலுக்காக. நாம் பத்துக் கேள்விகள் வைப்போம். நம் வார்டில் நிற்கிற எல்லா வேட்பாளர்களிடமும் பதில் வாங்குவோம். வாக்காளரும் அதே கேள்விகளுக்குத் தன் பதிலைத் தட்டினால், யாருடைய பதில்கள் தன்னோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பக்கமே காட்டும்.

ராமநாதன் சார், 8:14
நல்ல யோசனைதான் கயல். ஆனால் இன்னாருக்குப் போடுங்கள் என்று சங்கமே சொன்ன மாதிரி ஆகிவிடாதா? நம்மிடம் எல்லாக் கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள்.

கயல், 8:17
அந்தப் பயம் எனக்கும் இருந்தது சார். ஜெர்மனியில் அரசின் குடிமைக் கல்வி அமைப்பே இதை 2002 முதல் நடத்துகிறது. வால்-ஓ-மாட் என்று பெயர். நாடாளுமன்றத் தேர்தலுக்கு 38 கூற்றுகள் வைக்கிறார்கள். ஒவ்வொரு கட்சியும் தன் பதிலைத் தானே எழுதிக் கொடுக்கும். யாரையும் பரிந்துரைக்கவில்லை, ஒத்துப்போவதை மட்டும் காட்டுகிறோம் என்று சொல்லித்தான் முடிவைக் காட்டுகிறார்கள். சுவிட்சர்லாந்தில் 2003 முதல் ஸ்மார்ட்வோட் இருக்கிறது. அங்கே கட்சி மட்டுமல்ல, வேட்பாளர் ஒவ்வொருவரும் பதில் தருகிறார். நமக்கு அந்த முறைதான் பொருந்தும்.

இம்ரான், 8:21
எனக்கு இது கட்டாயம் வேண்டும். 2022 பிப்ரவரியில் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் நான் ஓட்டுப் போடப் போகவே இல்லை. நின்றவர்களில் ஒருவரைப் பற்றியும் எதுவும் தெரியாது. வீட்டுக்கு வந்த நோட்டீஸ்களில் படத்தை மாற்றிவிட்டால் எது யாருடையது என்றே சொல்ல முடியாது.

ஜெயந்தி டீச்சர், 8:23
நீ மட்டும் இல்லை தம்பி. அந்தத் தேர்தலில் மாநிலம் முழுவதும் 60 சதவீதத்துக்கு மேல் பதிவானது. சென்னையில் 43ஐத்தான் தாண்டியது.

கோபால் மாமா, 8:30
கயல், ஒரு விஷயம் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. தெருவிளக்கு எரிய வைப்பீர்களா என்று கேட்டால் பத்துப் பேரும் ஆமாம் என்பார்கள். குப்பை அள்ளுவீர்களா? ஆமாம். இதில் யாரை யாரோடு ஒப்பிடுவது?

கயல், 8:36
மாமா, நான் ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருப்பதே இதைப் பற்றித்தான். எல்லாரும் ஆமாம் என்று சொல்லக்கூடிய கேள்வியை வைக்கவே கூடாது. ஜெர்மனியில் தேவைக்கு அதிகமாகவே கூற்றுகள் எழுதிக் கட்சிகளுக்கு அனுப்பி, பதில்கள் வந்த பிறகு கட்சிகள் பிரிந்து நிற்கிற கூற்றுகளாகப் பொறுக்கி எடுக்கிறார்கள். நாமும் இருபது அனுப்பிப் பத்தை எடுக்கலாம்.

கயல், 8:38
இப்படி இருக்க வேண்டும்: “இருக்கிற பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், சாலையைத் தள்ளிப்போட்டு மழைநீர் வடிகாலை முதலில் முடிக்க வேண்டும்.” “தெருவோரம் கார் நிறுத்தக் கட்டணம் வாங்க வேண்டும்.” எந்தப் பக்கம் நின்றாலும் யாரோ சிலருக்குப் பிடிக்காது. அப்போதுதான் அவர் யார் என்று தெரியும்.

செல்வி அக்கா, 8:41
தண்ணீரைப் பற்றிக் கேளும்மா. எங்கள் சந்தில் அதுதான் பிரச்சினை.

ராமநாதன் சார், 8:44
செல்வி, சென்னையில் குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியத்தின் கையில். கவுன்சிலர் வாரியத்திடம் பேசலாம், முடிவு அவருடையது இல்லை. அவரால் முடியாததைக் கேட்டால் அவரும் முடியாததை எழுதிக் கொடுப்பார். வடிகால், விளக்கு, குப்பை, பூங்கா, உள்சாலை. இவற்றுக்குள் கேட்போம். தண்ணீருக்கு வாரியத்திடம் தனியாக மனுக் கொடுக்கலாம், நானே எழுதுகிறேன்.

ராமநாதன் சார், 8:46
என் கேள்வி ஒன்று: “மெயின் ரோட்டு நடைபாதை ஆக்கிரமிப்புகளை உடனே அகற்ற வேண்டும்.”

செல்வி அக்கா, 8:47
சார், என் தம்பி இட்லிக் கடை அங்கேதான் இருக்கிறது. அவனுக்கும் இதே வார்டில்தான் ஓட்டு.

ஜெயந்தி டீச்சர், 8:52
செல்வி சொல்வது நியாயம். ‘ஆக்கிரமிப்பு’ என்று எழுதிவிட்டால் தீர்ப்பையும் சேர்த்து எழுதியதாகிவிடும். அதோடு, 2014இல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடியாமல் யாரையும் அகற்ற முடியாது. இப்படி வைக்கலாமா: “நடைபாதைக் கடைகளுக்கு மெயின் ரோட்டிலேயே இடம் குறித்துக் கொடுக்க வேண்டும்.” நடப்பவர்கள் பக்கம் நிற்பவர் ‘இல்லை’ என்பார், வியாபாரிகள் பக்கம் நிற்பவர் ‘ஆம்’ என்பார்.

ராமநாதன் சார், 8:55
ஒப்புக்கொள்கிறேன் டீச்சர். செல்வி, தப்பாக நினைக்காதே. இந்தக் குழுவில் பாதிப் பேர் சொந்த வீட்டுக்காரர்கள், நம் கண்ணுக்குப் பட்டதைத்தான் எழுதுவோம். வாடகைக்கு இருப்பவர்கள், அந்தச் சந்தில் இருப்பவர்கள், அவர்களிடமும் கேள்வி வாங்க வேண்டும். நீதான் கேட்டுச் சொல்ல வேண்டும்.

செல்வி அக்கா, 8:56
சரி சார். நாளைக்கே கேட்கிறேன்.

இம்ரான், 9:02
சதவீதம் எப்படிக் கணக்காகும் கயல்?

கயல், 9:07
ரொம்ப எளிது அண்ணா. ஆம், நடுநிலை, இல்லை என்று மூன்று பதில். உங்கள் பதிலும் அவர் பதிலும் ஒன்றானால் 2 புள்ளி. ஒருவர் நடுநிலை, மற்றவர் ஆம் அல்லது இல்லை என்றால் 1. நேர் எதிர் என்றால் 0. உங்களுக்கு முக்கியமான கேள்வியை இரட்டிப்பாக எண்ணச் சொல்லலாம், வேண்டாத கேள்வியைத் தாண்டிப் போகலாம். ஜெர்மனியிலும் இதே கணக்குத்தான். பத்துக் கேள்வி, அதில் ஒன்று இரட்டிப்பு என்றால் மொத்தம் 22. ஒருவருக்கு 15 வந்தால் 68 சதவீதம். இன்னொருவருக்கு 14 வந்தால் 64. பார்க்கப் பெரிய வித்தியாசமாகத் தெரியும், ஆனால் ஒரே ஒரு புள்ளி. அதனால் சதவீதத்தைச் சின்னதாகவும், கேள்வி வாரியாக யார் என்ன சொன்னார் என்பதைப் பெரிதாகவும் காட்டப் போகிறேன். அதைப் படிக்க வைக்கத்தான் இவ்வளவும்.

கோபால் மாமா, 9:10
நான் என்ன பதில் போட்டேன் என்று கட்சிக்காரர்களுக்குத் தெரிந்துவிட்டால்?

கயல், 9:12
தெரியாது மாமா. கணக்கு முழுவதும் உங்கள் போனுக்குள்ளேயே நடக்கும்படி எழுதுகிறேன். பெயர், எண் எதுவும் கேட்க மாட்டோம். பதில் எங்கள் கைக்கு வராது. எத்தனை பேர் யாரோடு ஒத்துப்போனார்கள் என்றுகூட எண்ணப் போவதில்லை.

இம்ரான், 9:15
சுயேச்சைகளையும் சேர்க்க வேண்டுமா? பட்டியல் நீளுமே.

கயல், 9:19
ஒருவரையும் விடக் கூடாது அண்ணா. ஜெர்மனியிலேயே 2019 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலுக்குச் சில நாள் முன்பு கொலோன் நீதிமன்றம் வால்-ஓ-மாட்டை நிறுத்தச் சொன்னது. ஒரே நேரத்தில் எட்டுக் கட்சிகளோடுதான் ஒப்பிட முடியும் என்று வைத்திருந்தார்கள். சின்னக் கட்சிகள் கண்ணில் படாமல் போகின்றன என்று வோல்ட் என்ற கட்சி வழக்குப் போட்டது. சமரசம் ஆன பிறகுதான் பக்கம் திரும்ப வந்தது. நாம் எல்லாரையும் ஒரே பட்டியலில் வைப்போம், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வரிசை மாறும்.

ராமநாதன் சார், 9:22
பதில் தராதவர்களுக்குக் கட்சி அறிக்கையைப் பார்த்து நாமே நிரப்பலாமா?

ஜெயந்தி டீச்சர், 9:23
கூடாது சார். ஒருவர் வாயில் நாம் வார்த்தையை வைக்கக் கூடாது. “பதில் தரவில்லை” என்று மட்டும் போடுவோம். பூஜ்யம் சதவீதம் என்றும் போடக் கூடாது.

கயல், 9:31
நேரம்தான் கவலை. 2022இல் வேட்புமனுவைத் திரும்பப் பெறக் கடைசி நாள் பிப்ரவரி 7. வாக்குப்பதிவு 19. பிரசாரம் 17ஆம் தேதி மாலையே முடிந்துவிட்டது. இறுதிப் பட்டியல் வந்த பிறகு நமக்குப் பத்து நாள்தான் கிடைக்கும். அதற்குள் எல்லாரையும் பார்த்து, பதில் வாங்கி, ஏற்ற வேண்டும். அதனால் கேள்விகளும் பக்கமும் தேதி அறிவிக்கும் முன்பே தயாராக இருக்க வேண்டும். பிரசாரம் முடிந்த பிறகும் பக்கம் இருக்கலாமா என்று மாநிலத் தேர்தல் ஆணையத்திடம் இப்போதே எழுதிக் கேட்டுவிடலாம் சார்.

ராமநாதன் சார், 9:33
திங்கட்கிழமை கடிதம் அனுப்புகிறேன்.

கோபால் மாமா, 9:37
சரி, பதில் வாங்கிவிட்டீர்கள். ஜெயித்த பிறகு ‘நான் அப்படிச் சொல்லவே இல்லை’ என்றால்?

கயல், 9:42
அதனால்தான் போனில் கேட்டு எழுதாமல், தாளில் கையெழுத்தோடு வாங்க வேண்டும் என்கிறேன் மாமா. தேர்தல் முடிந்ததும் பக்கத்தை எடுக்க மாட்டேன். ஜெயித்தவரின் பத்துப் பதில்களும் ஐந்து வருடமும் அங்கேயே இருக்கும். பகுதி மக்கள் கூடிக் குறைகளைப் பேசும் ஏரியா சபைக் கூட்டத்துக்குப் போகும்போது அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போகலாம். 2022 நவம்பர் 1 முதல் அந்தக் கூட்டங்கள் நடக்கின்றன, நம் தெருவிலிருந்து நாலு பேர் போனாலே அதிகம். கையில் ஏதாவது இருந்தால் போகத் தோன்றும்.

கோபால் மாமா, 9:45
ம். இது நன்றாக இருக்கிறது. ஆனால் என் போனில் இதெல்லாம் வராது.

கயல், 9:47
தாளிலும் அடிக்கிறேன் மாமா. நெதர்லாந்தில் 1989இல் இதை ஆரம்பித்தபோது பள்ளிப் பிள்ளைகளுக்கான சின்னப் புத்தகமாகத்தான் வந்தது. இணையத்துக்கு 1998இல்தான் போனது. ஒரு பக்கம் கேள்வி, மறு பக்கம் வேட்பாளர்களின் பதில்கள். பேனாவால் டிக் போட்டுக் கூட்டிக்கொள்ளலாம்.

செல்வி அக்கா, 9:49
அது எனக்கு ஐம்பது வேண்டும். தம்பி கடையிலும் வைக்கிறேன்.

ஜெயந்தி டீச்சர், 9:52
அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு எங்கள் மொட்டை மாடியில் கேள்விகளை எழுதிப் பார்ப்போம். ஆளுக்கு இரண்டு கேள்வி. செல்வி, உன் தம்பியையும் கூட்டிக்கொண்டு வா. நாற்காலி ஆறுதான் இருக்கிறது, இம்ரான் நாலு கொண்டு வரட்டும்.

இம்ரான், 9:53
கொண்டு வருகிறேன் டீச்சர்.